ஆல்பர்ட்டன்: ஆக்லாந்தில் ஓர் இந்தியத் தாழ்வாரம்

விரியில் நம்ம வீடுகளுக்குத் திண்ணையும் கிடையாது, தாழ்வாரமும் கிடையாது. மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் ஆல்பர்ட்டனைப் பார்த்ததும் அம்மா, "நம்மூர் கலெக்டர் பங்களா மாதிரில்ல இருக்கு!" என்றார். பொய்யில்லை. 1863-ல் மரத்தில் எழும்பிய பண்ணை வீடு. கட்டிய ஆலன் கெர் டெய்லர் பிறந்தது இந்தியாவில். பிறகு கோபுரங்கள், தாழ்வாரங்கள் சேர்ந்து 18 அறை மாளிகையானது. மகள் மியூரியல் வழியாக 1972-க்குப் பிறகு பொதுச் சொத்தாயிற்று.

எனக்கென்னவோ வீட்டைவிட டெய்லரின் மனைவி சோஃபியாதான் பெரிசாகத் தெரிகிறார். பத்துப் பிள்ளைகள். 1890-ல் கணவர் போனபின் எஸ்டேட்டையும் பார்த்துக்கொண்டு, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடினார். 1893-ல் அது கிடைத்தது.

ஓட்டுக்குப் பெயர் பதியச் சோம்பல்பட்ட என் மகள், "அப்படியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அன்று ராத்திரியே பதிந்துவிட்டாள்.