தாலி கட்டியாச்சு, பதிவு பண்ணல

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டு இருந்தேன். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துல இருக்கிற ஒரு தாத்தா பிளாஸ்டிக் பையோட வந்தார். பை நிறைய கடிதம். "தம்பி, இது என்னான்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

எல்லாம் ஆஸ்பத்திரி பாக்கி. மூணு வயசுப் பேத்தி நிமோனியா வந்து அரசாங்க ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் இருந்துச்சு. நம்ம பிள்ளைங்கன்னா மூன்றாம் வகுப்பு வார்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளிதான். இந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டுக்காரர் கட்டணம், நாலாயிரத்துக்கு மேல. பொறுப்புக் கையெழுத்து போட்டது தாத்தா. பாதியைக் கட்ட மகன் ஆலோங்கிட்ட கை நீட்டிட்டான். லைசன்ஸ் உள்ளவங்க அடமானம் இல்லாம கொடுத்தாலும் வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல வட்டி வாங்கக் கூடாது. இவனுங்க வாரத்துக்கு வாங்குறானுங்க. கதவுல சிவப்புச் சாயம் ஊத்திட்டுப் போயிட்டானுங்க. பேத்தி அந்தப் பக்கமே போக மாட்டேங்குதாம்.

பிள்ளை இங்க பிறந்தது. அப்பா மலேசியர். அம்மா மேடான்ல இருந்து வந்த தமிழ்ப் பொண்ணு. கல்யாணத்தைப் பதியல. பதியாத கல்யாணத்துல பிறந்த பிள்ளைக்குச் சட்டம் அம்மாவோட குடியுரிமையைத்தான் பார்க்குது. பிறப்புப் பத்திரத்துல 'புக்கான் வார்காநெகாரா'ன்னு போட்டுட்டாங்க.

அந்தக் கல்யாணம் நம்ம கோயில்லதான் நடந்தது. பந்தல் கட்டினது, சோறு பரிமாறினது நான். 1982 மார்ச் 1-லேர்ந்து தாலி கட்டினா மட்டும் போதாது, பதியணும்னு சட்டம். எனக்குத் தெரியும். "பாஸ்போர்ட் விஷயம் அப்புறம் பார்த்துக்கலாம்"னு சொன்னவனே நான்தான். ஃபேக்டரியில பெர்மிட் முடிஞ்ச ஆளை ஒரு நாள்கூட மெஷின் பக்கம் விட மாட்டேன். கோயில்ல மட்டும் எப்படி வாய் வந்துச்சோ.

திங்கட்கிழமை லீவு எடுத்து அவரோட போனேன். ஆஸ்பத்திரி சமூகநலப் பிரிவுல தவணைக்கு மனு கொடுத்தோம். அந்தம்மா நல்லா பேசினாங்க. போலீஸ்லயும் ரிப்போர்ட் செஞ்சாச்சு. மகன் பயந்து வரல, தாத்தாதான் கையெழுத்து போட்டார். பேத்திக்கு 15ஏ பிரிவுல குடியுரிமை மனு போடணும். ஆனா உடனே கிடைக்கிற காரியம் இல்ல.

மருமக இப்ப ஆறு மாசம். பிரசவத்துக்கு முன்னாடி கல்யாணத்தைப் பதிஞ்சிட்டா அடுத்தது அப்பா வழியில மலேசியப் பிள்ளை. அதுக்கு கோலாலம்பூர் இந்தோனேசியத் தூதரகக் கடிதம் வேணும். புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பணும். என் வேன் கியர்பாக்ஸ் போச்சு. கார் இருக்கிறவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க. பெட்ரோலும் டோலும் நான் பார்த்துக்கிறேன்.