ஆறிய சிரங்கும் அதைத்த முகமும்

பாப்பாரப்பட்டியில், சுப்பிரமணிய சிவா நினைவகம் உள்ள அவ்வூரில், சென்ற ஆண்டு ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். ஏழு வயதுச் சிறுவன் ஓடி வந்து தோத்திரம் சொன்னான். முகம் பூரித்திருந்தது. "நன்றாகத் தேறிவிட்டாயே!" எனக் கன்னத்தைத் தட்டினோம். தாயும் மகிழ்ந்தார்.

அது தேற்றமன்று, நீர்க்கோவை. மூன்றாம் நாள் தாய் பதறி வந்தார். "சாமி, பையனுக்கு ஒன்றுக்குக் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. யாரோ கண் வைத்துவிட்டார்கள், மந்திரித்து விடுங்கள்." நெற்றியில் சிலுவை வரைந்தோம், அடுத்த பேருந்திலேயே தருமபுரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

"அண்மையில் சிரங்கு வந்ததா?" என்பதே மருத்துவரின் முதற் கேள்வி. மூன்று வாரங்களுக்கு முன் காலில் வந்து, வேப்பிலையும் மஞ்சளும் பூச ஆறியிருந்தது. ஆறிய புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு?

நம் குருதியில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள், வாளை உறையிலிட்ட காவலரைப் போல் சுற்றி வருகின்றன. பெரும்பாலும் ஈரலில் பிறப்பவை. எதிர்ப்பொருள்களின் வேலையை நிறைவு செய்வதால் இவற்றுக்கு 'காம்ப்ளிமெண்ட்' என்று பெயர். நிரப்புப் புரதங்கள் எனலாம். இவற்றை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஜூல் போர்டே 1919ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார். கிருமி நுழைந்ததும் ஒன்று மற்றொன்றை எழுப்பும்; கிருமிக்கு அடையாளமிட்டு வெள்ளணுக்களை அழைக்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. சிரங்குக் கிருமியின் சிதைவும் எதிர்ப்பொருளும் அவற்றில் படிந்துவிட்டால் காவலர் அங்கும் பாய்வர். கிருமிக்கு ஓங்கிய அடி வடிகட்டியில் விழுகிறது. குருதி சிறுநீரில் கசிகிறது; உப்பும் நீரும் தேங்கி முகம் அதைக்கிறது; இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருதலும் உண்டு. நாம் கன்னத்தைத் தட்டியது இந்த நிலையில்தான்.

சிறுவனின் குருதியில் 'சி-3' என்னும் நிரப்புப் புரதம் மிகக் குறைந்திருந்தது, போரில் செலவாகிவிட்டதாம். உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுக்க, ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. எட்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும் என்றனர். "பிள்ளைதான் ஓடி விளையாடுகிறானே, ஒரு நாள் கூலியை ஏன் விடவேண்டும் சாமி?" என்றார் தாய். நாம் விடவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சி-3 ஆறு முதல் எட்டு வாரங்களில் பழைய அளவை எட்டும். எட்டாவிடில் காவலர் இன்னும் வாளை உறையிலிடவில்லை. சிறுநீரகத்தை ஓசையின்றி அரிக்கும் வேறு நோயோ என்று ஆராயவேண்டும்.

ஒன்பதாம் வாரம் மூவரும் சென்றோம். பயணச்சீட்டு நம் சொந்தப் பணத்தில். பங்குப் பொருளாளர் கவலற்க. அளவு சரியாயிருந்தது. வீடு திரும்பியதும் தங்கையின் முழங்காலில் புதுச் சிரங்கைக் கண்ட தாய், மஞ்சளைத் தேடவில்லை. மறுநாள் காலை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்தார்.