பாதி டாங்க்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எது நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் கற்பித்துவிடுவான். காரணம் அழகாக அமைந்துவிட்டாலோ, அதுதான் உண்மை என்று நம்பியும் விடுவான். என்னுடைய இந்த வழக்கத்தால் ஒரு பையனுக்கு வேலை போக இருந்தது. அந்தச் சங்கதியை இங்கே சொல்லிவிடுகிறேன். சொன்னால் மனசு கொஞ்சம் லேசாகும்.

2011ஆம் ஆண்டு வைகாசி மாதம், கரூரிலிருந்து தர்மபுரிக்குக் குடித்தனம் மாற்றிக்கொண்டு போனேன். மனைவியையும் குழந்தையையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, சாமான்களுக்குக் காவலாக நான் லாரியில் ஏறிக்கொண்டேன். சாமான்கள் என்று கௌரவமாகச் சொல்கிறேனே தவிர, பாதிக்கு மேல் புத்தகப் பெட்டிகள். லாரி கிழட்டு லாரி. வயது இருபத்தைந்துக்குக் குறையாது. டிரைவருக்கு ஐம்பது இருக்கும். கிளீனர் பையனுக்குப் பத்தொன்பது.

சேலத்தைத் தாண்டித் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரி முக்கியது, முனகியது, நின்றேவிட்டது.

"ஏர் புடிச்சிருச்சுங்க ஸார்" என்றார் டிரைவர்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கப் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்கினால் அது தானே பழுக்கக் காய்ந்துவிடுகிறது. அந்தச் சமயம் பார்த்து எண்ணெயைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்கிறது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் சோதித்துக் காட்டிய எஞ்சினின் ரகசியம் இதுதான். நம்முடைய பழைய லாரிகளில் எண்ணெயைப் பீய்ச்சும் நாசில் திறக்க வேண்டுமானால், காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தம் வேண்டும். எண்ணெயை அமுக்கினால் அது அமுங்காமல் முட்டித் தள்ளும், நாசில் திறக்கும். நடுவே காற்று புகுந்துவிட்டால் பம்ப் அந்தக் காற்றைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், நாசில் அசையாது. யானை போன்ற எஞ்சினை ஒரு குமிழி நிறுத்திவிடும்.

டிரைவர் பில்டரின் தலையிலிருந்த திருகைத் தளர்த்தினார். பையன் கை பம்ப்பை அடித்தான். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை முடுக்கினார். லாரி கிளம்பிற்று. அரை பர்லாங்கு போயிற்று, மறுபடியும் நின்றது. இப்படி மூன்று தரம்.

"மூணு மாசமா இதே ரோதனைங்க ஸார். டாங்க் நிரப்பினா நல்லா ஓடுது. பாதி டாங்க் ஆனா மேட்டுல நின்னுக்குது. பில்டர் மாத்தியாச்சு, வாஷர் மாத்தியாச்சு. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லீங்க."

நான் கொஞ்சம் விஞ்ஞானம் படித்தவன். சும்மா இருக்கக் கூடாதா?

"டாங்கில் தண்ணீர் கலந்திருக்கும்" என்றேன். "எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். அடியில் தங்கிவிடும். மேலே இருக்கிற டீசல் தீர்ந்ததும் தண்ணீர் வருகிறது. அதனால்தான் பாதி டாங்கில் நிற்கிறது."

என்ன பொருத்தம் பாருங்கள்! கதையில் முடிச்சு அவிழ்கிற மாதிரி எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் டிரைவர் அதற்குள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார். டீசல் போடுகிற நேரத்தில் அவர் கண்ணயர்ந்துவிடுவாராம். டாங்கைப் பூட்டித் திறக்கிறவன் பையன்தான்.

"டீசலை வித்துப்போட்டுத் தண்ணிய ஊத்தினியாடா?"

"சத்தியமா இல்லீங்கண்ணா!"

டிரைவர் கேட்கவில்லை. பையனுடைய துணிப்பையை எடுத்து ரோட்டோரம் வீசினார். மூன்று வாரச் சம்பளம் பாக்கியாம். அது கிடையாது என்றார். பையன் பையை எடுத்துத் தூசி தட்டிவிட்டு, லாரியின் பின் சக்கரத்தில் சாய்ந்து நின்றுகொண்டான். என்னை ஒரு தரம் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

டிரைவர் போன் பண்ணியதில், ஒரு மணி நேரம் கழித்துக் கீழே ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்தார். அறுபது வயதுக்காரர், காது மடலில் பென்சில். என்னுடைய தண்ணீர் சித்தாந்தத்தைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பில்டரின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசலைப் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தண்ணி எங்கீங்க நிக்கும்?" என்று என்னைக் கேட்டார். "அடியில்" என்றேன்.

"டீசலை உறிஞ்சற குழாயும் அடியிலதானுங்களே நிக்குது? தண்ணி இருந்தா டாங்க் நிரப்பிக் கிளம்பினவுடனே நின்னுருக்கோணும். பாதி டாங்க் வரைக்கும் எதுக்குங்க காத்திருக்கோணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் விஞ்ஞானம் அத்தோடு சரி.

ஒரு கேனில் டீசல் ஊற்றி, அதை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து தனிக் குழாய் வழியாகப் பம்ப்புக்குக் கொடுத்தார். எஞ்சின் கால் மணி நேரம் திணறாமல் ஓடிற்று. "பம்ப்புல குத்தமில்லை. டாங்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல பார்க்கோணும்" என்றார். டாங்குக்குள் இறங்கியிருந்த உறிஞ்சு குழாயை உருவி எடுத்து, ஒரு முனையை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறு முனையில் வாயை வைத்து ஊதினார்.

குழாயின் நடுவில் சரம் சரமாகக் குமிழிகள் வந்தன. மயிரிழை போல் ஒரு விரிசல்.

எண்ணெய் விரிசலுக்கு மேலே இருக்கும்வரை, குழாய் எண்ணெயைத்தான் உறிஞ்சும். எண்ணெய் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். சமவெளியில் சமாளித்துக்கொள்ளும், மேட்டில் எஞ்சின் அதிக எண்ணெய் கேட்கும்போது நின்றுவிடும். உறிஞ்சுகிற பக்கத்தில் விரிசல் இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். ஒழுக்கைத் தேடித் தேடி மூன்று மாதம் அவர்கள் ஏமாந்தது அதனால்தான்.

மெக்கானிக் விரிசலின் மேல் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி, இரண்டு பக்கமும் கம்பியால் முறுக்கினார். "ஊருக்குப் போயிப் பத்த வெச்சுக்குங்க" என்றார்.

டிரைவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பையனிடம் நீட்டி, "எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாடா" என்றார். பையன் கொண்டுவந்த மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருடைய மன்னிப்பு அது. பையனுக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன். துணிப்பை பழைய இடத்துக்குப் போயிற்று.

எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதவில்லை. லாரி ஏற்றத்தில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தபோது, "தம்பி, தண்ணீர் என்று சொன்னது நான்தான். தப்பாய்ப் போய்விட்டது" என்றேன்.

"பரவால்லீங்க ஸார். படிச்சவங்க சொன்னா அண்ணன் நம்பத்தானுங்க செய்யும்" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான்.

தர்மபுரியில் சாமான்களை இறக்கி முடித்ததும் நான் பணத்தை எடுத்தேன். பையன் திண்ணையில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினான்.

"எண்ணிப் பார்த்துக்குங்க ஸார்" என்றான்.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

"இல்லீங்க, எண்ணிக்குங்க."

அவன் பக்கத்திலேயே நின்றான். நான் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு எண்ணினேன். ஐம்பத்திரண்டு பெட்டிகள். எல்லாம் சரியாக இருந்தன.