மிலானில் ஒரு குடிக்காதவன்

குடிக்காதவன் பார்களைப் பற்றி எழுதுவது, சங்கீதம் தெரியாதவன் சபா கேன்டீனைப் பற்றி எழுதுகிற மாதிரிதான். ஆனால் சபா கேன்டீன் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தானே? அந்த தைரியத்தில் ஆரம்பிக்கிறேன் :-)

புனேயில் மெஷின் டூல் டிசைன் வேலை. பதினேழு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் அக்டோபரில், ஒரு புது மெஷினுக்கு ஆணி பிடுங்குவதற்காக, மிலானுக்குப் பக்கத்தில் இருக்கும் சப்ளையரிடம் ஐந்து வாரம் அனுப்பி வைத்தார்கள். கூட வந்தவர் ஒரு மராத்திக்காரர். அங்கே எங்களைக் கவனித்துக்கொண்டவர் ஓய்வு பெற நாலைந்து வருஷம் பாக்கியிருந்த ஓர் இத்தாலிக்காரர். 'பெரியவர்' என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு "வாங்க" என்றார். எங்கே என்று கேட்டேன். "அப்பெரிட்டிவோ" என்றார், வேறு எங்கே என்கிற மாதிரி.

அப்பெரிட்டிவோ என்றால் பசியைத் திறந்துவிடுவது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பது. அந்த ஒரு கிளாஸுக்குக் கொடுக்கும் பத்துப் பதினைந்து யூரோவில் ஆலிவ், சிப்ஸ், வேர்க்கடலை, குட்டி பிரெட் துண்டுகள் எல்லாம் சேர்த்தி. சில இடங்களில் பஃபேயே வைத்திருப்பார்கள். மாணவர்கள் அதையே ராத்திரிச் சாப்பாடாக முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். 1980களில் ஒரு மது விளம்பரத்தில் வந்த "மிலானோ தா பேரே" (குடிப்பதற்கு ஒரு மிலான்) என்கிற வாசகம் அந்தக் காலகட்டத்துக்கே பெயராக நின்றுவிட்ட ஊர் இது.

நான் குடிப்பதில்லை. கொள்கை, பக்தி, டயட் எதுவும் காரணமில்லை. அப்பா.

கோயமுத்தூரில் லேத் பட்டறையில் வேலை அவருக்கு. சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டால் அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவாள். கடை என்றால் எந்தக் கடை என்று எங்கள் வீதியில் யாரும் கேட்க மாட்டார்கள். நான் வாசலோடு நின்று கூப்பிட வேண்டும். உள்ளே நாற்காலி கிடையாது, ஒற்றைக் குண்டு பல்பு, மூத்திர வாடை. அப்பா வெளியே வந்து, "நீயெல்லாம் இங்க வரப்படாது கண்ணு, ஊட்டுக்குப் போ" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வார். 1999ல், நாற்பத்தேழு வயதில், ஈரல் கெட்டுப் போய்விட்டார்.

அதனால் புனேயில் ஆபீஸ் பார்ட்டி என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். குடி நாற்றத்தால் இல்லை, கேள்விகளால். "ஒரு பெக்கூட இல்லையா?" "வீட்ல பயமா?" "பீர்ல என்ன இருக்கு, பார்லி தண்ணிதானே?" என்று எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பதினோரு மணி வரைக்கும் போகும். பதிலுக்கு அப்பா கதையைச் சொல்ல முடியுமா? "ஆன்டிபயாடிக் எடுக்கிறேன்" என்று சொல்லியே பதினேழு வருஷம் தள்ளியாகிவிட்டது. ஆபீஸ் கணக்குப்படி இந்தியாவிலேயே அதிகமாக ஆன்டிபயாடிக் சாப்பிட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

மிலானில் முதல் பாரில் உட்கார்ந்ததும் அதே பல்லவியோடு தயாராக இருந்தேன். "எனக்கு ஆல்கஹால் இல்லாமல்" என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் பரிசாரகரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அனால்கோலிக்கோ." அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். கையடக்கப் பாட்டிலில் சிவப்பாக ஒரு சமாச்சாரம் வந்தது, சான்பிட்டேர் என்று பெயர். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு, நிறைய காஸ். ஐஸும் ஆரஞ்சுத் துண்டும் போட்ட கிளாஸில் ஊற்றினால், மற்றவர்கள் குடிக்கிற காம்பாரிக்கும் இதற்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. பெரியவர் தன் கிளாஸைத் தூக்கி என் கிளாஸில் இடித்துவிட்டு மில்லிங் ஸ்பிண்டில் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஏன் குடிப்பதில்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, ஐந்து வாரத்திலும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நானாகவே போக ஆரம்பித்தேன்.

முதலில் காம்பாரினோ. டுவோமோ பேராலயத்துக்கு எதிரே, 1867ல் திறந்த கலேரியா விட்டோரியோ எமானுவேலே என்கிற கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதியின் முனையில் இருக்கிறது. 1915ல் தாவிதே காம்பாரி திறந்தது. அவருடைய அப்பா காஸ்பரே காம்பாரிதான் 1860ல் அந்தச் சிவப்புக் கசப்பு மதுவை உண்டாக்கியவர். கவுன்டரில் நின்றால் ஒரு விலை, வெளியே மேஜையில் டுவோமோவைப் பார்த்தபடி உட்கார்ந்தால் வேறு விலை. இத்தாலி முழுக்கவே பல இடங்களில் இப்படித்தான். நமக்குக் கவுன்டர் போதும்.

இந்தச் சிவப்புக்கு ஒரு கதை உண்டு. ரொம்ப காலம் காம்பாரிக்கு நிறம் கொடுத்தது கோச்சினீல் என்கிற பூச்சி. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் அதைக் காயவைத்துப் பொடித்தால் ரத்தச் சிவப்புச் சாயம் கிடைக்கும். 2006 வாக்கில்தான் பெரும்பாலான நாடுகளில் பூச்சியை விட்டுவிட்டுச் செயற்கை நிறத்துக்கு மாறினார்கள். என் கூட வந்த மராத்திக்காரர் சுத்த சைவம். அவர் மூணாவது காம்பாரி சோடாவில் இருந்தபோது இதைச் சொன்னேன். "2006க்கு அப்புறம்தானே?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரான ஜேம்ஸ் ஆண்டர்சன் இந்தப் பூச்சியை வளர்ப்பதற்கென்றே மதராஸில் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டம் போட்டார். வியாபாரம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

அடுத்தது பார் பாஸோ. பிளீனியோ தெருவில், 1947லிருந்து இருக்கிறது. வெளியே நியான் எழுத்து, உள்ளே பழைய கல்யாண மண்டபத்து ஆபீஸ் ரூம் மாதிரி மரமும் கண்ணாடியும். உலக காக்டெயில் சரித்திரத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. ஜின், காம்பாரி, சிவப்பு வெர்மத் மூன்றையும் சரிபாகமாகக் கலந்தால் நெக்ரோனி. 1972ல், இந்தக் கடையை நடத்திய மிர்கோ ஸ்டொக்கெட்டோ, ஜின் பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த ஸ்பார்க்ளிங் ஒயினை எடுத்து ஊற்றிவிட்டாராம். குடித்தவருக்குப் பிடித்துப் போயிற்று. "நெக்ரோனி ஸ்பல்யாட்டோ", அதாவது தப்பாகிப் போன நெக்ரோனி, என்று அதற்கே பெயர் வைத்துவிட்டார்கள். பூச்சாடி சைஸ் கிளாஸில் செங்கல் மாதிரி ஒரே ஐஸ் கட்டியைப் போட்டுத் தருகிறார்கள். 2022ல் ஒரு நடிகரின் பேட்டித் துணுக்கு இணையத்தில் பரவியதிலிருந்து உலகம் பூராவும் இதைக் கேட்கிறார்களாம். நான் போன அன்று பக்கத்து மேஜையில் ஒரு பாட்டியும் பேத்தியும். பாட்டி கையில் அந்தப் பூச்சாடி, பேத்தி கையில் ஆரஞ்சு ஜூஸ். பேத்திக்கு எட்டு வயசு இருக்கும். ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த மேஜையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதில் நானும்தான் மதுக்கடைக்குப் போயிருக்கிறேன்.

மூன்றாவது, கான்டீனே ஈஸோலா. மிலானின் சைனா டவுனான பாவ்லோ சார்ப்பி தெருவில், 1896லிருந்து இருக்கும் ஒயின் கடை. உள்ளே பத்துப் பேர் நின்றால் இடிக்கும், தரையிலிருந்து கூரை வரை பாட்டில்கள். எதையாவது ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு தெருவில் நின்று குடிக்கிறார்கள். வண்டி ஓடாத தெரு. ஒரு பக்கம் சீன டம்ப்ளிங் கடை வரிசை, இன்னொரு பக்கம் நாயோடு வந்தவர், தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு வந்த தம்பதி. எனக்குத் திராட்சை ஜூஸ் கிடைத்தது. இங்கேயும் யாரும் என் கிளாஸைப் பார்க்கவில்லை.

எஞ்சினியர் புத்தி கணக்குப் போடாமல் இருக்குமா? இத்தாலியில் 'ஒரு யூனிட்' என்பது 12 கிராம் ஆல்கஹால். 12 சதவீத ஒயினில் 125 மி.லி., அதாவது கடையில் ஊற்றித் தரும் ஒரு கிளாஸ். நம்ம ஊர் குவார்ட்டர் 180 மி.லி., 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 61 கிராம் வருகிறது. அதாவது ஐந்து கிளாஸ் ஒயின். அங்கே பெரியவர் ஒரு கிளாஸை ஆலிவைக் கொறித்தபடி ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார். இங்கே ஐந்து கிளாஸ் சரக்கை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து ஊற்றிப் பத்து நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டு வெளியே வருகிறோம். வெட்கம்தான் வேகத்தைக் கூட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒளிந்து செய்கிற எதையும் மனுஷன் நிதானமாகச் செய்ய மாட்டான்.

'ஆஹா, வெள்ளைக்காரன் குடித்தால் கலாசாரம், நம்மாள் குடித்தால் கேவலமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாவில்யி என்கிற கால்வாய்ப் பகுதியில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு நடந்து பார்த்தேன். கால்வாய்ச் சுவரில் சாய்ந்து வாந்தி எடுக்கிற பையன்கள், உடைந்த பாட்டில், தூங்க முடியவில்லை என்று பால்கனியில் துணி பேனர் கட்டியிருக்கும் வீடுகள். நாகரிகக் குடியில் ஈரல் கெடாது என்றும் இல்லை. ஆல்கஹாலைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் 1988லேயே சேர்த்தாகிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. அதே வருஷம் பாட்டிலில் இந்த எச்சரிக்கையை அச்சடிக்க அயர்லாந்து சட்டம் போட்டபோது, எதிர்த்துக் குரல் கொடுத்த நாடுகளில் இத்தாலியும் ஒன்று. வியாபாரம் வியாபாரம்தான்.

அப்பாவுக்கு ஒரு நாற்காலியும் ஒரு கிண்ணம் ஆலிவும் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அந்த ஐந்து வாரமும் யோசித்தேன். பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருடையது வியாதி. வியாதிக்கு நாற்காலி மருந்தில்லை, அதற்கு டாக்டர் வேண்டும். ஆனால் வாசலில் நின்ற எனக்கும், வீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் அந்த நாற்காலி ஏதோ செய்திருக்கும். அவர் எங்கே, எப்படி, எந்த நிலைமையில் இருக்கிறார் என்பது ரகசியமாக இல்லாமல் இருந்திருக்கும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் யாராவது ஒருத்தர், "போதும்யா, எந்திரி" என்று முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

நாலாவது வாரம் அம்மாவோடு போனில் பேசும்போது, பாருக்குப் போய்வருகிறேன் என்று சொன்னேன். குடிக்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அங்கயும் பொம்பளைங்க வாசல்ல நின்னு கூப்புடுறாங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உள்ள உக்காந்திருக்காங்க."

"குடிக்கறாங்களா?"

"சில பேரு. சில பேரு ஜூஸு."

"அதுசரி" என்றாள். பிறகு கோயமுத்தூரில் மழை, கேஸ் சிலிண்டர், தங்கச்சி மகனுக்குக் காய்ச்சல் என்று பேச்சு போய்விட்டது.

திரும்பி வந்தபின் டிசம்பரில் ஆபீஸ் பார்ட்டி. வழக்கம்போல ஒருத்தர் கையில் கிளாஸோடு வந்தார். "ஆன்டிபயாடிக்கா?" என்றார் சிரித்துக்கொண்டே. "இல்ல சார், நான் குடிக்கறதில்ல. எங்கப்பா குடிச்சே செத்தார்" என்றேன். அவர் கொஞ்சம் தடுமாறிவிட்டு, எனக்கு லைம் சோடா சொல்லிவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய அண்ணனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதை இங்கே எழுதுவது முறையில்லை.

டிஸ்கி: மிலான் போகிற குடிக்காத மக்களுக்கு மூன்று குறிப்பு. ஒன்று, "அனால்கோலிக்கோ" என்ற வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு, சிவப்பு வேண்டுமென்றால் சான்பிட்டேர், ஆரஞ்சு வேண்டுமென்றால் க்ரோடினோ. இரண்டிலும் ஆல்கஹால் இல்லை. மூன்று, கூட வரும் பிரெட் துண்டுகளில் ஹாம் இருக்கும், சைவர்கள் கேட்டுவிட்டு வாயில் போடவும். மராத்திக்காரர் சார்பாக இந்த மூன்றாவது.