அழகும் உரிமையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால், நடுங்காத மனிதரும் உலகில் உண்டு. பாம்பைக் கண்டதும் கோலைத் தேடாமல், குனிந்து நின்று அதன் நிறத்தை வியப்போர் அவர்கள். அஞ்சல்தலை சேர்ப்போரையும் கிளி வளர்ப்போரையும் போலப் பாம்பு வளர்ப்பதையே ஓய்வுநேர இன்பமாகக் கொண்டவர்கள். அவர்களுள் ஒரு சாரார் வட அமெரிக்காவின் கார்ட்டர் பாம்புகளுக்கே தம் உள்ளத்தைப் பறிகொடுத்தவர்கள்.

மேலைநாட்டார் காலுறை நழுவாதிருக்க முன்னாளில் கட்டிய பட்டைக்குக் கார்ட்டர் என்று பெயர். தலையிலிருந்து வால் வரை ஓடும் கோடுகள் அப்பட்டையை நினைவூட்டியமையால் பாம்புக்கும் அப்பெயர் வாய்த்தது. தமிழகத்துக் குளங்களில் தவளை தேடித் திரியும் தண்ணீர்ப்பாம்புக்கு இது தூரத்து உறவு. தண்ணீர்ப்பாம்பு முட்டையிடும், கார்ட்டர் பாம்போ குட்டி ஈனும். மனிதரைக் கொல்லும் நஞ்சு அதற்கில்லை. கனடாவின் மானிடோபா மாநிலத்தில், நார்சிஸ் என்னும் ஊருக்கு அருகே, இளவேனில் தோறும் சுண்ணாம்புக்கல் குழிகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் வெளிவரும். அக்காட்சியைக் காண மக்கள் திரளாகச் செல்கின்றனர். அங்கே அதற்குப் பஞ்சமில்லை.

ஆனால் அதே குலத்தில் பிறந்த ஒன்று, விரல்விட்டு எண்ணத்தக்க சில இடங்களில் மட்டுமே வாழ்கிறது. அதுதான் சான் பிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பு. கலிபோர்னியாவில், அந்நகருக்குத் தெற்கே அமைந்த சான் மத்தேயோ வட்டாரமே அதன் தாயகம். முதுகின் நடுவே பசுமை கலந்த மஞ்சள் பட்டை. அதன் இருமருங்கும் கருங்கோடு. அதையடுத்துச் செக்கச் சிவந்த பட்டை. அடிவயிறோ நீலப் பச்சை. தலையும் சிவப்பு. வட அமெரிக்காவின் பாம்புகளிலேயே இதுதான் பேரழகு வாய்ந்தது என்று பலர் போற்றுவதில் வியப்பில்லை.

அந்த அழகு வாழ்ந்த குளங்களை நகரம் விழுங்கியது. மேட்டுநிலத்துக் குட்டைகள் தூர்க்கப்பட்டு வீடுகள் எழுந்தன. அது விரும்பி உண்ணும் செங்கால் தவளையும் அருகியது. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட காளைத்தவளை அந்தத் தவளையையும் பாம்புக் குட்டியையும் ஒருங்கே விழுங்கலாயிற்று. 1967இல், அழியும் நிலையிலுள்ள உயிரென்று அமெரிக்க அரசு அதனை அறிவித்தது. அதன் மீட்சிக்கென 1985இல் திட்டம் வகுக்கப்பட்டது. அதற்கு நேர்ந்த இடர்களுள், திருட்டுத்தனமாகப் பிடித்துச் செல்லும் மனிதரின் கையும் ஒன்று. வெறுத்தவன் கோலெடுத்தான், விரும்பியவன் பையெடுத்தான். குளத்துக்கு இருவராலும் நேர்ந்தது இழப்புத்தானே?

அமெரிக்காவில் உரிய இசைவின்றி அப்பாம்பை வைத்திருத்தல் குற்றம். ஆனால் நெதர்லாந்து, ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளில், பல தலைமுறைகளாகக் கண்ணாடிப் பெட்டிகளிலேயே பிறந்து வளர்ந்த சான் பிரான்சிஸ்கோ பாம்புகள் உண்டு. அவற்றை வளர்ப்பவனின் வாழ்க்கையை எளிதென்று எண்ணலாகாது. இலையுதிர் காலம் வந்ததும் இரையை நிறுத்தி, பாம்பின் வயிறு காலியாகும் வரை காத்திருக்கிறான். பின்னர், குளிர்ந்த இருளறையில் அதனைச் சில வாரங்கள் உறங்க வைக்கிறான். வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி இளவேனிலைத் தன் வீட்டுக்குள் தானே படைக்கிறான். விழித்தெழுந்த ஆண் பாம்பு பெண்ணைத் தொடர்கிறது. கோடையில் ஒருநாள் காலை, பென்சில் பருமனுள்ள குட்டிகள் பெட்டியெங்கும் நெளிகின்றன. அவன் அப்போது அடையும் மகிழ்ச்சி, முதற்பேரனைக் கையில் ஏந்திய பாட்டனின் மகிழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

அன்பு மட்டும் போதாது என்பதையும் அந்தப் பெட்டியே அவனுக்குக் கற்பித்துவிடுகிறது. தங்கமீன் போன்ற சில மீன்களில் தயாமினேஸ் என்னும் பொருள் உண்டு. உணவிலுள்ள பி1 உயிர்ச்சத்தை அது அழித்துவிடும். அவ்வகை மீனையே நாள்தோறும் தின்னும் பாம்பு ஒருநாள் தலை திருகி, உடல் வெட்டி வெட்டி இழுக்க, துடிதுடித்து மடியும். வயிறார ஊட்டிய கையே அதற்கு எமனாக அமைகிறது! மீனை 80 பாகை வெந்நீரில் ஐந்து நிமிடம் இட்டெடுத்தால் அந்தத் தீமை நீங்கும். இதனை முன்னரே அறிந்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும். அறியாமல் செய்த அன்பை மன்னிக்க அவனைச் சுற்றிப் பலர் இருக்கலாம். வெறுமையான பெட்டியின் முன் நிற்கும் அவனால் தன்னை மன்னிக்க இயலுமா?

“நான் இல்லாவிடில் இவ்வினமே அழிந்துவிடும்” என்று வளர்ப்பவன் சில வேளை பெருமை கொள்வான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவனைப் போன்றோர் பொறுமையோடு குறித்து வைத்தவற்றால், பாம்பின் பேறு, உணவு, நோய் பற்றிய அறிவு வளர்ந்திருக்கிறது. ஆயினும் சில பாம்புகளின் வழிவந்த சிறு கூட்டம் தனக்குள்ளேயே இணைசேர்ந்தால் காலப்போக்கில் நலிவுறும். பெட்டியில் வளர்ந்ததைக் குளத்தில் விட்டால் அங்குள்ளவற்றுக்கு நோயைக் கொண்டுசெல்லவும் கூடும். அன்றியும், பாம்பு என்பது அதன் தோலின் நிறம் மட்டுமா? தவளை ஒலிக்கும் நாணற்புதரும், எலிவளையின் இருட்டும், பசிபிக் கடலின் மூடுபனியும் சேர்ந்ததன்றோ அதன் வாழ்வு! பெட்டிக்குள் வந்தது அவ்வாழ்வின் ஒரு துண்டே.

இதில் இயற்கை ஒரு வேடிக்கையும் செய்திருக்கிறது. அப்பாம்புகள் மிகுந்து வாழும் இடம் ஆளரவமற்ற காடன்று. வானூர்திகள் ஓயாமல் இரையும் சான் பிரான்சிஸ்கோ பன்னாட்டு விமான நிலையத்துக்குச் சொந்தமான, ஏறத்தாழ 180 ஏக்கர் ஈரநிலம். நெடுஞ்சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் இடையே வேலிக்குள் கிடக்கும் அந்நிலத்தில் ஏறத்தாழ 1,300 பாம்புகள் வாழ்வதாக 2019இல் தெரிய வந்தது. அங்கே குளம் பேணப்படுகிறது, தவளை காக்கப்படுகிறது. கண்டு களிக்க வருவோருக்கும் கவர்ந்து செல்ல வருவோருக்கும் கதவு திறப்பதில்லை. அழகை எவரும் அள்ளிச் செல்லாத இடத்திலேதான் அழகு பெருகுகிறது.

கண்ணாடிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் வளர்ப்பாளன் இச்செய்தியைப் படிக்கிறான். தன் வாழ்நாளில் அவன் அந்நிலத்தில் கால் வைக்கப் போவதில்லை. அவன் பார்க்காத அந்தப் பாம்புகளுக்கு அவன் பெயரிடவில்லை, உணவிடவில்லை, அவை அவனுடையவை அல்ல. எனினும், அவை இருக்கின்றன என்ற எண்ணமே அவன் நெஞ்சைக் குளிர்விக்குமானால், அவனுடைய பொழுதுபோக்கு அன்று அன்பாக உயர்ந்துவிட்டது எனலாம். பெட்டிக்குள் சட்டையுரித்த பாம்பு, புதுநிறம் பொலியத் தலைதூக்கிப் பார்க்கிறது. அதன் கண்ணில் குளம் இல்லை. அதைக் காண்பவனின் கண்ணிலேனும் அக்குளம் இருக்கட்டும்.