கிதாபும் ரம்பமும்

மதரஸாவில் வணிகச் சட்டங்களைப் பேசும் பகுதியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓதிக் கொடுத்து வருகிறவன் நான். விற்கப்படும் பொருளில் குறை என்பது எது, குறை கண்டவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை எப்போது உண்டு, எப்போது இல்லை என்றெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லியே என் தாடி நரைத்தது. ஆனால் உண்மையைச் சொல்வதானால், என் வாழ்நாளில் நான் விலை பேசி வாங்கிய பெரிய பொருள் ஒரு சைக்கிள்தான். அதற்கு அடுத்தபடியாக ஒரு தையல் இயந்திரம். அதையும் என் மனைவிதான் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். அப்படிப்பட்டவன் சென்ற ஆண்டு மரம் அறுக்கும் ரம்பம் ஒன்றை வாங்க ஊர் ஊராய் அலைந்தேன் என்றால், என் மாணவர்களே நம்பமாட்டார்கள்.

ஓர் அஸர் தொழுகைக்குப் பின் என் தங்கை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"காக்கா, உங்க மருமகன் ரம்பம் வாங்கப் போறானாம். நீங்க சொன்னாத்தான் கேப்பான். அவன் வாப்பா கையப் பாத்தும் இவனுக்குப் புத்தி வரலையே!"

தங்கையின் கணவர், என் மச்சான், கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் செல்லும் சாலையில் சிறிய மரப்பட்டறை வைத்திருக்கிறார். இழைப்புளியும் உளியும் கொட்டாப்புளியுமாகத் தொழில் தொடங்கியவர். பின்னர் இரும்புக் கோணச் சட்டங்களைப் பற்றவைத்து, அடியில் மோட்டாரைப் பொருத்தி, மேலே ஒரு வட்ட ரம்பம் தலைநீட்டும்படி உள்ளூரிலேயே ஒரு மேசை செய்துகொண்டார். தமிழகத்தின் சிறு பட்டறைகளில் பாதிக்கு மேல் இத்தகைய மேசைகளைத்தான் நான் கண்டிருக்கிறேன். மூடியும் இல்லை, தடுப்பும் இல்லை. 2009ஆம் ஆண்டு ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு, அந்த மேசையில் அவருடைய இடக்கையின் கடைசி இரண்டு விரல்கள் போயின.

அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் பள்ளிவாசல் ஹவுளில் அவர் பக்கத்தில் அமர்ந்து ஒளூச் செய்யும்போதெல்லாம் நான் பார்ப்பேன். விரல்களைக் கோத்து இடுக்குகளில் நீர் புகச் செய்ய வேண்டிய இடத்தில், வலக்கையின் விரல்கள் வந்து, கோப்பதற்கு எதுவுமில்லாமல் ஒரு கணம் நிற்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கணம் நின்றபடியே இருக்கிறது.

மருமகனை அழைத்துக் கேட்டேன். அவன் ஷார்ஜாவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். "மாமா, வாப்பாவுடைய ரம்பம் வேறே, நான் சொல்றது வேறே" என்றான். ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினான்.

பழைய மேசையில் மேசை அசையாது. பலகையைக் கைதான் ரம்பத்தை நோக்கித் தள்ள வேண்டும். அறுந்த பிளவு பின்னால் சுருங்கி ரம்பத்தைக் கவ்வினாலோ, ரம்பத்துக்கும் அளவுச் சட்டத்துக்கும் இடையே பலகை கோணிச் சிக்கினாலோ, மேல்நோக்கி எழும் பின்பற்கள் பலகையைத் தூக்கி ஆளின் மீதே எறிந்துவிடும். பலகை பறக்கும்போது அதை அழுத்திக் கொண்டிருந்த கை ரம்பத்தின் மீது விழும். மச்சானுக்கு நேர்ந்தது இதுதான் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. இத்தனை காலமும் அவருடைய கவனக் குறைவு என்றே எண்ணியிருந்தேன்; ஒருமுறை அவர் காதுபடச் சொல்லியும் இருக்கிறேன்.

மருமகன் விரும்பிய இயந்திரத்தில், ரம்பத்துக்கு இடப்புறமுள்ள மேசை தண்டவாளத்தில் ஓடும் வண்டியைப் போல நீளவாக்கில் நகரும். பலகை அதன்மீது படுத்து, இறுக்கிப் பிடிக்கப்பட்டு, மேசையோடு சேர்ந்தே ரம்பத்தைக் கடக்கும். கை ரம்பத்தின் அருகே போகவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. 1906இல் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஆல்ட்டென்டார்ஃப் என்ற ஜெர்மானியத் தச்சர் தொடங்கி வைத்த முறை இது. பட்டறைகளில் இதற்குப் 'பேனல் சா' என்று பெயர். எட்டுக்கு நான்கு அடி ப்ளைவுட்டை, அதாவது 2440க்கு 1220 மில்லிமீட்டர் பலகையை, முழுதாக வைத்து அறுப்பதற்கு 3200 மில்லிமீட்டர் நீள ஓடுமேசை வேண்டுமாம். பெரிய ரம்பத்துக்கு முன்னால், எதிர்த்திசையில் சுழலும் சின்ன ரம்பம் ஒன்றும் உண்டு. அது பலகையின் அடிப்பக்கத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கோடு கிழித்துக்கொண்டே போகும். அதனால் மைக்கா ஒட்டிய பலகை சிராய் பெயராமல் அறுபடும். இது இல்லாத பட்டறைக்கு இன்று அலமாரி வேலையோ சமையலறை வேலையோ வருவதில்லை என்றான்.

"விரல் பட்டதும் நின்றுவிடும் ரம்பம் இருக்காமே, அதை வாங்கினால் என்ன?" என்று தங்கை கேட்டாள். எங்கோ கேட்டிருக்கிறாள். உண்மைதான், அமெரிக்கரான ஸ்டீவன் காஸ் என்பவர் 1999இல் கண்டறிந்த முறை அது. மனிதத் தோல் பட்டால் அதன் மின்தன்மையை உணர்ந்து, 5 மில்லி செகண்டுக்குள் ரம்பத்தை நிறுத்திவிடும். ஆனால் அதன் விலையைக் கேட்டபின் தங்கை அடுத்த கேள்வி கேட்கவில்லை.

பணம் எங்கிருந்து வரும்? வங்கி கொடுக்கும், வட்டியோடு. மருமகன் அதற்கு இசையவில்லை. அதற்காகவே என்னிடம் வந்தான் என்பதும் பிறகு தெரிந்தது. நானும் மனைவியும் உம்ராவுக்காகச் சேர்த்து வைத்திருந்தது 1,80,000 ரூபாய். அதை முதலாகக் கொடுத்து இலாபத்தில் பங்கு கொள்ளலாம் என்பது என் முதல் எண்ணம். ஆனால் ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி அவர்களின் 'மின்ஹாஜ்' நூலை ஓதிக் கொடுப்பவன் அதைச் செய்ய முடியாது. கோதுமையை வாங்கி அரைத்து ரொட்டி சுடுவதற்கும், நூலை வாங்கி நெய்து விற்பதற்கும் அத்தகைய முதலீட்டு உடன்படிக்கை செல்லாது என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. அது வாங்கி விற்கும் வணிகத்துக்கே உரியது. ரொட்டிக்கும் நெசவுக்கும் செல்லாதது அலமாரிக்கு மட்டும் எப்படிச் செல்லும்? ஆகவே இயந்திரத்தை நானே வாங்கி, மருமகனுக்கு மாத வாடகைக்கு விடுவதென்று முடிவாயிற்று. மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "உம்ரா காத்திருக்கும். இந்தப் புள்ள மறுபடியும் பிளேனேறிட்டா உங்க தங்கச்சி காத்திருப்பாளா?" என்றாள்.

ஆக, கிதாபில் 'வாங்குபவன்' என்று முப்பது ஆண்டுகளாகப் பிறரைச் சுட்டிக் காட்டியவன், நானே வாங்குபவன் ஆனேன்.

புதிய இயந்திரம் எங்கள் தொகைக்குள் அடங்கவில்லை. கோயம்புத்தூரில் பழைய இயந்திரங்களை விற்கும் ஒரு கிடங்குக்கு மருமகனும் மச்சானும் நானும் இரவுப் பேருந்தில் போனோம். கிடங்கின் நடுவே ஓர் இயந்திரம் பச்சை வண்ணம் பளபளக்க நின்றது. விலை 1,40,000. என் மனம் அந்த வண்ணத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மிஞ்சும் 40,000 ரூபாயை உம்ராக் கணக்கில் அப்போதே திரும்பச் சேர்த்துவிட்டேன்.

மருமகன் மோட்டாரை ஓடவிட்டு, இரும்பு மேசையின்மீது ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை விளிம்பில் நிறுத்தினான். விழுந்தது. மறுபடி நிறுத்தினான், மறுபடியும் விழுந்தது. நல்ல இயந்திரமாயின் அதிர்வு குறைவாக இருக்கும், நாணயம் நிற்கும் என்றான். "நாணயம் நிற்கவில்லை என்பதற்காக இவ்வளவு மலிவான பொருளை விடுவதா வாப்பா? சிறுபிள்ளை விளையாட்டாக இருக்கிறதே!" என்று நான் சொன்னேன். இதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

மச்சான் அதுவரை வாய் திறக்கவில்லை. மோட்டார் முழுதும் நின்றபின் குனிந்து, ரம்பத்தின் பின்புறத்தில் இடக்கையை விட்டுத் தடவினார். இருக்கும் மூன்று விரல்களால் எதையோ தேடினார். பிறகு நிமிர்ந்து, "பின்தகடு இல்லையே" என்றார்.

ரம்பத்தின் பின்னால், அதன் வளைவை ஒட்டி, சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஓர் எஃகுத் தகடு நிற்க வேண்டும். ரம்பத்தின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாகவும், அறுபட்ட பிளவைவிடச் சற்று மெல்லியதாகவும் இருக்கும். பிளவு சுருங்கி ரம்பத்தைக் கவ்வாமலும், பலகை பின்பற்களின் பக்கம் கோணாமலும் தடுப்பது அதுதான். தகட்டை முடுக்கும் மரைத்துளைக்குள்ளும் பச்சை வண்ணம் படிந்திருந்தது. வண்ணம் பூசுவதற்கு முன்பே அது இல்லை.

கடைக்காரர் சிரித்தார். "அது வேலைக்கு இடைஞ்சல் பாய், யாரும் மாட்டுறதில்லை. எடுத்த பிறகு எந்தக் குறைக்கும் நாங்க பொறுப்பில்லை, இருக்கிறபடி எடுத்துக்கிடணும்" என்றார்.

நான் ஓதிக் கொடுத்த பாடம் ஒவ்வொன்றாக அந்தக் கிடங்கில் வந்து நின்றது. ஆட்டைச் சில நாள் கறக்காமல் விட்டு, மடி கனத்த பின் சந்தைக்கு ஓட்டி வருவதை நபிமொழி தடுத்திருக்கிறது. அந்தக் கனத்த மடிதான் இந்தப் பச்சை வண்ணம். குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று நிபந்தனை போட்டு விற்பவனைப் பற்றியும் மின்ஹாஜ் பேசுகிறது. உயிருள்ள விலங்கினுள், விற்பவனும் அறியாமல் மறைந்திருக்கும் நோய்க்கே அந்த நிபந்தனை செல்லும், மற்றவற்றுக்குச் செல்லாது. இரும்பு மேசைக்கு ஏது அந்தச் சலுகை? ஆனால் இன்னொன்றும் உண்டு. குறையைக் கண்ணால் கண்டபின் ஒருவன் ஒப்பி வாங்கினால், திருப்பும் உரிமை அவனுக்கு இல்லை. நாங்கள் கண்டுவிட்டோம். மச்சானின் கை கண்டுவிட்டது. நான் பணப்பையை மூடிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மதுரையில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று செய்தி வந்தது. உரிமையாளர் அறுபதைக் கடந்த ஆசாரி. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இயந்திரத்தில் வண்ணம் ஆங்காங்கே உரிந்திருந்தது. நாங்கள் கேட்கும் முன்பே, சின்ன ரம்பத்தின் பெல்ட் தேய்ந்திருக்கிறது, ஓடுமேசையின் பூட்டு சில நேரம் பிடிக்காது என்று அவரே சொல்லி, ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார். பின்தகடு இயந்திரத்தில் மாட்டியபடியே இருந்தது. நாணயம் நின்றது.

அதோடு விடவில்லை மருமகன். ஒரு பலகையின் நான்கு ஓரங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி அறுத்து, முதல் ஓரத்தை ஐந்தாம் முறையாக அறுத்தான். அப்போது விழுந்த சட்டத்தின் இரு முனைகளையும் அளந்தான். மூலைமட்டத்தில் உள்ள பிழை நான்கு மடங்காகப் பெருகி அந்தச் சட்டத்தில் தெரியுமாம். ஒரு மீட்டர் நீளத்தில் 0.8 மில்லிமீட்டர் வேறுபாடு. நான்கால் வகுக்க 0.2. ஆசாரி ஒரு திருகாணியைச் சற்றே திருப்பினார். மறுபடி அறுத்தபோது வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. இரண்டு தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக் கொண்டதை நான் ஓரமாக நின்று பார்த்தேன். விலை 1,75,000. பேரம் பேச எனக்கு நாவெழவில்லை. லாரி வாடகையும் கொடுத்தபின் உம்ராப் பணம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

மும்முனை மின்னிணைப்புக்கு நடந்த நடை தனிக் கதை, அது வேண்டாம். ஓடுமேசை முன்னும் பின்னும் போய்வர ஏறக்குறைய 22 அடி வேண்டியிருந்ததால், பட்டறையின் பின்சுவரில் ஒரு வாசல் திறந்தோம். தூளை உறிஞ்சும் குழாயும் பையும் மருமகன் தன் கைப்பணத்தில் வைத்தான். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு மையம் 1995லேயே வகைப்படுத்தியிருக்கிறது என்பதை அவன் சொல்லித்தான் அறிந்தேன்.

வாடகை உடன்படிக்கையை நானே எழுதினேன். மாத வாடகை எவ்வளவு, பெல்ட்டும் தாங்கியும் தேய்ந்தால் உரிமையாளனாகிய நான் மாற்றித் தருவது, ரம்பத்தைச் சாணை பிடிக்கும் செலவு அவனைச் சேர்வது என்று வரிசையாகப் படித்துக் காட்டினேன். கதவோரம் நின்ற தங்கை, "இன்னும் ஒண்ணு எழுதுங்க காக்கா" என்றாள். அவள் சொன்னபடியே எழுதினேன்: பின்தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வது கண்டால், உடன்படிக்கையை முறித்து இயந்திரத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை உரிமையாளனுக்கு உண்டு.

மருமகன் சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டான். மச்சான் சிரிக்கவில்லை. தாளை இடக்கையின் மூன்று விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாட்சிக் கையொப்பம் இட்டார்.

பஜ்ருத் தொழுகை முடிந்து அந்த வழியாக நடந்து போகிற நாட்களில் பார்க்கிறேன். பட்டறையைத் திறப்பவர் அவர்தான். மின்சாரம் வருமுன் குனிந்து, ரம்பத்தின் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, மகனுக்காக விளக்கைப் போடுகிறார்.