பன்னிரண்டாவது ஆள்

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் மேட்ச் முடியும்வரை மாணவர்கள் உட்காருவதில்லை. (நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை மக்களே, முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால்!)

1922-ல் காயங்களால் அணியில் ஆள் குறைய, பார்க்க வந்திருந்த கிங் கில் என்ற மாணவர் சீருடை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். கடைசிவரை இறக்கவே இல்லை பாவம்! அந்த நினைவில்தான் கூட்டமே நிற்கிறது.

நிற்பதும் கத்துவதும் சரி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு மோதுவதற்கு முன் மரங்களை அடுக்கடுக்காகக் கட்டி எரிப்பார்களே, அதுதான் இடிக்கிறது. 1999 நவம்பர் 18 அதிகாலை, கட்டும்போதே சரிந்து 12 பேர் இறந்தார்கள்.

பல்கலைக்கழகம் அதோடு நிறுத்திவிட்டது. மாணவர்களில் ஒரு பிரிவினர் விடவில்லை. எல்லா மரமும் தரையைத் தொட வேண்டும் என்று முறையை மாற்றி, வளாகத்துக்கு வெளியே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.